ருவாண்டா 1994: அரசாங்கமே கொல்லச் சொன்னபோது

1994 ஏப்ரல் 6-ஆம் தேதி இரவு, ருவாண்டா அதிபர் ஜுவெனல் ஹாபியாரிமானா வந்துகொண்டிருந்த விமானம் தலைநகர் கிகாலியில் தரையிறங்கும் நேரத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அண்டை நாடான புருண்டியின் அதிபரும் அதில் இருந்தார். விடிவதற்குள் கிகாலியில் ஹுட்டுத் தீவிரவாதிகள் சிறுபான்மைத் துட்சிகளையும் தங்களை எதிர்த்த ஹுட்டுகளையும் கொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் தெற்கே இருக்கும் புடாரே மாவட்டத்தின் பெரும்பகுதியில் ஏறக்குறைய இரண்டு வாரம் அப்படி எதுவும் நடக்கவில்லை. இத்தனைக்கும் நாட்டில் துட்சி மக்கள் அதிகம் வாழ்ந்த பகுதிகளில் அது ஒன்று.

காரணம் எளிது. புடாரேயின் மாவட்ட நிர்வாகி, நம்மூர்க் கணக்கில் கலெக்டர் மாதிரி, ஜான் பாப்டிஸ்ட் ஹாபியாலிமானா என்பவர். நாட்டிலிருந்த மாவட்ட நிர்வாகிகளில் அவர் ஒருவர்தான் துட்சி. எல்லையோர ஊர்களில் கலவரம் தலைதூக்கியபோது கூட்டம் போட்டுப் பேசி அடக்கப் பார்த்தார். மற்ற மாவட்டங்களிலிருந்து உயிர் தப்பியவர்கள் புடாரேயை நோக்கி ஓடிவந்தார்கள்.

ஏப்ரல் 17 அன்று அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட செய்தி வானொலியில் வந்தது. 19-ஆம் தேதி புதிய நிர்வாகி பதவியேற்கும் விழாவுக்கு இடைக்கால அதிபர் தியோடோர் சிந்திகுப்வாபோ நேரில் வந்தார். அவருக்குச் சொந்த ஊரே புடாரேதான். மேடையில் அவர் யாரையும் வெளிப்படையாகக் கொல்லச் சொல்லவில்லை. ‘இது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம்’ என்று வேடிக்கை பார்ப்பவர்கள் விலகி நில்லுங்கள், வேலை செய்பவர்களுக்கு வழிவிடுங்கள் என்ற பொருளில் பேசினார். கேட்டவர்களுக்குப் புரிந்தது. மறுநாள் நகரில் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் ரோசலி கிகாண்டா, முன்னாள் மன்னரின் விதவை, வயதான பெண்மணி. பதவி இழந்த நிர்வாகியையும் பிறகு பிடித்துக் கொன்றார்கள். எல்லாம் முடிந்தபோது நாட்டில் மிக அதிகமான சாவு விழுந்த மாவட்டங்களில் ஒன்றாகப் புடாரே ஆகியிருந்தது.

‘ஆப்பிரிக்காவில் இரண்டு இனக்குழுக்கள் அடித்துக்கொள்கின்றன, நூற்றாண்டுப் பகை’ என்றுதான் அப்போது உலகப் பத்திரிகைகள் பலவும் எழுதின. இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பகைதான் காரணம் என்றால், அந்தப் பகை புடாரேயில் மட்டும் ஒரு அதிகாரி மாறும்வரை ஏன் காத்திருந்தது? ருவாண்டாவைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பது நல்லது.

ஒரே மொழி, ஒரே மலை

ஹுட்டு, துட்சி, த்வா ஆகிய மூவரும் பேசுவது கின்யருவாண்டா என்ற ஒரே மொழி. கும்பிட்ட தெய்வமும் பிறகு சேர்ந்த தேவாலயமும் ஒன்றுதான். தனித்தனிப் பகுதி கிடையாது. ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்த வீடு. குலங்கள்கூட மூவருக்கும் பொது. ஒரே குலத்தில் ஹுட்டுவும் உண்டு, துட்சியும் உண்டு. கலப்பு மணங்களும் சகஜம். 1990-களின் தொடக்கத்தில் மக்கள்தொகையில் ஹுட்டுகள் சுமார் 85 சதவீதம், துட்சிகள் சுமார் 14 சதவீதம், த்வாக்கள் ஒரு சதவீதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருந்தது. மாடு வளர்ப்பும் அரசவையும் துட்சிகளோடும், உழவு ஹுட்டுகளோடும் சேர்த்துப் பேசப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட ருவாபுகிரி மன்னர் காலத்தில் நிலத்துக்கு ஈடாகச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பு ஹுட்டுகள் தலையில் மட்டும் சுமத்தப்பட்டது. கசப்பு அப்போதே இருந்தது. எல்லாவற்றையும் வெள்ளைக்காரன்தான் கண்டுபிடித்தான் என்று சொல்பவர்கள் இந்தப் பகுதியை வசதியாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஆனால் இருந்த வேறுபாட்டை இரத்தத்தின் வேறுபாடாக ஆக்கியது காலனி ஆட்சி. நைல் நதியின் தோற்றத்தைத் தேடி வந்த ஜான் ஹானிங் ஸ்பீக், 1863-இல் ஒரு கோட்பாட்டை எழுதி வைத்தார். இந்தப் பகுதியின் ஆளும் வர்க்கத்தார் வடக்கிலிருந்து வந்த வேறு உயர்ந்த இனத்தார் என்பது அதன் சாரம். முதலில் ஜெர்மனியும், 1916-க்குப் பிறகு பெல்ஜியமும் அதை நம்பியே ஆட்சி நடத்தின. பெல்ஜிய அதிகாரிகள் உயரத்தையும் மூக்கையும் அளந்தார்கள். இருந்த சில ஹுட்டுத் தலைவர்களையும் நீக்கிவிட்டு, துட்சித் தலைவர்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். சாலை போட, காப்பி நட, வரி கட்ட மக்களை அடித்து வேலை வாங்கியது பெல்ஜியம். அடிக்கும் கை மட்டும் துட்சித் தலைவருடையது.

1930-களின் முற்பகுதியில் கணக்கெடுப்பு நடத்தி எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். பத்து மாடு வைத்திருந்தால் துட்சி என்று பதிந்தார்கள் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது. அதற்குப் பலமான ஆதாரம் இல்லை; பெரும்பாலும் தேவாலயப் பதிவையும் வாய்மொழியையும் வைத்தே எழுதினார்கள். முக்கியம் என்னவென்றால், முன்பு நாலு மாடு சேர்த்தவர் துட்சியாக மதிக்கப்படவும், நொடித்துப்போன துட்சி ஹுட்டுவாக ஆகவும் கொஞ்சமாவது வழி இருந்தது. அட்டை வந்ததும் அந்த வழி அடைபட்டது. தகப்பன் எதுவோ பிள்ளையும் அதுவே.

அந்த அட்டையைப் பற்றி இன்னொரு விஷயம். சுதந்திரத்துக்குப் பிறகும் அது ஒழியவில்லை. இனம் என்ற வரியில் ஹுட்டு, துட்சி, த்வா என அச்சிடப்பட்டிருக்கும், பொருந்தாததை அடித்துவிடுவார்கள். 1990 நவம்பரில் ஹாபியாரிமானா இந்த வரியை எடுத்துவிடப் போவதாக அறிவித்தார். எடுக்கவில்லை. அரசும் துட்சிக் கிளர்ச்சியாளர்களும் 1993-இல் செய்துகொண்ட அருஷா அமைதி ஒப்பந்தத்திலும் இனிக் கொடுக்கும் ஆவணங்களில் இனத்தைக் குறிக்கக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது. சாலைத் தடுப்புகளில் அடியாட்கள் கேட்ட முதல் பொருள் அந்த அட்டைதான். இல்லை என்று சொன்னவரையும் துட்சி என்றே எடுத்துக்கொண்டார்கள்.

1959, 1972: இரண்டு நாடுகள், எதிரெதிர் பாடங்கள்

1950-களில் துட்சிப் படிப்பாளிகள் சுதந்திரம் கேட்க ஆரம்பித்ததும் பெல்ஜியமும் திருச்சபையும் கட்சி மாறின. அதுவரை ஒதுக்கிவைத்த ஹுட்டுகள் பக்கம் சாய்ந்தன. 1957-இல் கிரெகுவார் கயிபண்டா உள்ளிட்ட ஹுட்டுத் தலைவர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அடக்குமுறையை எதிர்த்த நியாயமான குரல் அதில் இருந்தது. கூடவே, அட்டையில் இனத்தைக் குறிப்பது நீடிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது.

1959 நவம்பரில் ஒரு ஹுட்டுத் தலைவர் தாக்கப்பட்டதைத் தொடர்ந்து துட்சிகளின் வீடுகள் எரிக்கப்பட்டன. பெல்ஜியக் கர்னல் கீ லோஜிஸ்ட் துட்சித் தலைவர்களை நூற்றுக்கணக்கில் நீக்கி அந்த இடங்களில் ஹுட்டுகளை அமர்த்தினார். 1961-இல் மன்னராட்சி போனது. 1962 ஜூலை 1-இல் சுதந்திரம் வந்தது. பெரும்பாலான துட்சிகளும் ஏழை விவசாயிகள்தான் என்பதோ, ஆண்டது சில குடும்பங்கள் மட்டுமே என்பதோ யாருடைய கணக்கிலும் வரவில்லை. பல்லாயிரம் பேர் உகாண்டா, புருண்டி, காங்கோ, டான்சானியா எனச் சிதறினார்கள். 1963 இறுதியில் புருண்டியிலிருந்து அகதிப் படை ஒன்று ஊடுருவியது. அதற்குப் பழியாக உள்ளே இருந்த அப்பாவித் துட்சிகள் சுமார் 10,000 பேர் கொல்லப்பட்டதாக மதிப்பீடு. வெளியே இருந்து தாக்கினால் உள்ளே இருப்பவர்களைக் கொல்வது என்ற வழக்கம் அங்கே தொடங்கியது.

புருண்டியில் கதை நேரெதிர். அங்கே ராணுவமும் அரசும் துட்சி அதிகாரிகள் கையில். 1972 ஏப்ரல் இறுதியில் தெற்கில் ஹுட்டுக் கிளர்ச்சி ஒன்று வெடித்து, துட்சிகள் பலர் கொல்லப்பட்டார்கள். மிஷேல் மிகொம்பெரோவின் அரசு பதிலுக்குச் செய்தது கிளர்ச்சியை அடக்குவதோடு நிற்கவில்லை. படித்த ஹுட்டுகளைப் பட்டியல் போட்டுத் தேடினார்கள். ஆசிரியர்கள், எழுத்தர்கள், செவிலியர்கள், பாதிரியார்கள். பள்ளி மாணவர்களை வகுப்பறையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு லாரியில் ஏற்றினார்கள். ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை மதிப்பீடுகள் உண்டு. ஒரு தலைமுறை ஹுட்டுப் படிப்பாளிகளே துடைக்கப்பட்டார்கள். உலகம் கண்டுகொள்ளவில்லை, யாரும் தண்டிக்கப்படவும் இல்லை.

1994-ஐப் பற்றிப் பேசும்போது இந்த 1972 பெரும்பாலும் விட்டுப்போகிறது. ஆனால் ருவாண்டாவின் ஹுட்டு வீடுகளில் அது மறக்கப்படவில்லை. ‘துட்சி கையில் துப்பாக்கி வந்தால் நம் கதி இதுதான்’ என்று பக்கத்து நாட்டைக் காட்டிச் சொல்ல முடிந்தது. 1993 ஜூனில் புருண்டியில் முதன்முறையாக ஒரு ஹுட்டு, மெல்கியோர் ந்தடாயே, தேர்தலில் வென்று அதிபரானார். அக்டோபர் 21-இல் துட்சி ராணுவத்தினர் அவரைக் கொன்றார்கள். அங்கே மூண்ட வன்முறையிலிருந்து லட்சக்கணக்கான ஹுட்டுகள் ருவாண்டாவுக்கு ஓடிவந்தார்கள். ருவாண்டாவின் தீவிரவாதிகள் மாதக்கணக்கில் மேடையில் கத்தியும் கிடைக்காத ஆதாரம் எல்லை தாண்டித் தானே வந்து சேர்ந்தது.

பதவி பறிபோகும் பயம்

1973-இல் ராணுவப் புரட்சியில் வந்தவர் ஹாபியாரிமானா. வடமேற்குப் பகுதிக்காரர். தெற்கத்தி ஹுட்டுகளை ஓரங்கட்டி, தன் மனைவி வழிச் சொந்தங்களைச் சுற்றி ஒரு அதிகார வட்டத்தை வளர்த்தார். வெளிநாட்டு உதவியாளர்களுக்கு அவர் செல்லப்பிள்ளை. ஒழுங்கான நாடு, சொன்னால் கேட்கும் மக்கள் என்று பாராட்டினார்கள். ஒழுங்கு எப்படி வந்தது? நாடு மாவட்டம், கம்யூன், செக்டார், செல் எனக் கீழ்வரை பிரிக்கப்பட்டிருந்தது. கடைசிக் கண்ணியில் பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர். யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் அவருக்குத் தெரியும். உமுகாண்டா எனப்படும் பொது உழைப்புக்கு ஊர் முழுக்கக் கிளம்பி வர வேண்டும்; வராதவர் அபராதம் கட்ட வேண்டும்.

1989-இல் சர்வதேச காப்பி ஒப்பந்தம் முறிந்தது. விலை ஏறக்குறையப் பாதியானது. அந்நியச் செலாவணியில் பெரும்பகுதியைக் காப்பியிலிருந்து பெற்ற நாடு ஆடிப்போனது. 1990-இல் ஐ.எம்.எஃப். நிபந்தனைகளோடு நாணய மதிப்புக் குறைப்பும் வந்தது. சுமார் 26,000 சதுர கிலோமீட்டரில் 70 லட்சம் பேர். பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்து நிலம் கைக்குட்டை அளவாகிவிட்டது. கல்யாணம் செய்ய நிலம் வேண்டும். நிலமில்லாத இளைஞர்கள் ஊர் ஊராக நின்றார்கள். பிறகு கட்சி அடியாள் படைகளுக்கு ஆள் சேர்ந்தது இவர்களிடமிருந்துதான். வடமேற்கில் கனாமா என்ற இடத்தில் துட்சிகளே அநேகமாகக் கிடையாது. அங்கும் 1994-இல் மக்கள்தொகையில் சுமார் 5 சதவீதம் பேர் கொல்லப்பட்டார்கள். நிலம் கொஞ்சம் அதிகம் வைத்திருந்தவர்களும் சண்டைக்காரர் என்று பெயர் எடுத்தவர்களும் அதில் இருந்தார்கள். அதற்காக நில நெருக்கடி இனப்படுகொலையில்தான் முடியும் என்று சொல்வது தவறு. நிலம் குறைந்த நாடுகள் உலகில் நிறைய இருக்கின்றன.

தீர்மானித்தது போர். வெளியேறிய துட்சிகளும் அவர்கள் பிள்ளைகளும் முப்பது ஆண்டுகளாகத் திரும்ப முடியாமல் கிடந்தார்கள். நாட்டில் இடமில்லை என்று ஹாபியாரிமானா கையை விரித்தார். உகாண்டாவில் வளர்ந்த பிள்ளைகள் பின்னாளில் அந்நாட்டு அதிபரான முசேவெனியின் கெரில்லாப் படையில் சேர்ந்து போர் கற்றார்கள். 1990 அக்டோபர் 1-இல் ருவாண்டா தேசபக்த முன்னணி என்ற பெயரில் எல்லை தாண்டினார்கள். தளபதி ஃபிரெட் ருவிக்யேமா தொடக்கத்திலேயே மடிந்தார். அமெரிக்காவில் ராணுவப் படிப்பில் இருந்த பால் ககாமே ஓடிவந்து பொறுப்பேற்றார். பிரான்ஸ் ஹாபியாரிமானாவுக்குப் படையும் ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. சில ஆயிரம் பேர் கொண்ட ருவாண்டா ராணுவம் சில வருடத்தில் பல மடங்கு ஊதியது.

1993 ஆகஸ்ட் 4-இல் கையெழுத்தான அருஷா ஒப்பந்தம் காகிதத்தில் அழகானது. அதிகாரப் பகிர்வு, அகதிகள் திரும்புதல், படை இணைப்பு எல்லாம் இருந்தன. இணைந்த ராணுவத்தில் 40 சதவீத வீரர்களும் பாதி அதிகாரிகளும் முன்னணிக்கு. அரசு ராணுவத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போகும். பாதுகாப்பு அமைச்சகத்தின் உயரதிகாரி கர்னல் தியோனெஸ்ட் பகொசோரா போன்றவர்களுக்கு எதிர்காலமே போகும். பழைய பகை என்று எதை எதையோ தோண்டுவதைவிட இந்த ஒரு ஏற்பாட்டைப் பார்த்தால் அதிகம் புரியும். அதிகாரத்தைப் பங்கு போட மனமில்லாத ஒரு கூட்டம், பங்கு போடும் பேச்சே எழாதபடி மொத்த ஹுட்டு மக்களையும் இரத்தத்தில் கூட்டாளி ஆக்க முடிவெடுத்தது.

அதற்கான தயாரிப்பு மறைவில் நடக்கவில்லை. 1990 டிசம்பரில் கங்குரா என்ற பத்திரிகை ஹுட்டுகளுக்குப் பத்துக் கட்டளைகளை அச்சிட்டது. துட்சிப் பெண்ணைக் கட்டுபவன் துரோகி என்பது அதில் ஒன்று. 1992 நவம்பரில் லியோன் முகெசேரா என்ற ஆளுங்கட்சிப் பிரமுகர், துட்சிகளை நியபரொங்கோ ஆற்று வழியாக எத்தியோப்பியாவுக்கே அனுப்பிவிடலாம் என்று பொதுக்கூட்டத்தில் பேசினார். 1993 ஜூலையில் ஆர்.டி.எல்.எம். வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. நல்ல பாட்டு, அரட்டை, நடுவே துட்சிகளைக் கரப்பான்பூச்சி என்று ஏசுவது. கொலை நாட்களில் பெயர், முகவரி, கார் எண் வரை சொன்னது. ஆனாலும் அந்த வானொலிதான் எல்லாம் செய்தது என்பது மிகை. அதன் அலை எட்டாத மலைகளிலும் கொன்றார்கள். அங்கெல்லாம் செய்தியைக் கொண்டுபோனது கம்யூன் தலைவரின் ஜீப்.

1994 ஜனவரி 11-இல் ருவாண்டாவிலிருந்த ஐ.நா. அமைதிப் படையின் தளபதி ரொமேயோ டல்லேர் நியூயார்க்குக்கு ஒரு தந்திச் செய்தி அனுப்பினார். அடியாள் படைக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவர் சொன்ன தகவல் அதில் இருந்தது: கிகாலித் துட்சிகளைப் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள், தன் ஆட்களால் 20 நிமிடத்தில் ஆயிரம் பேரைக் கொல்ல முடியும், ஐ.நா. படையிலுள்ள பெல்ஜிய வீரர்கள் சிலரைக் கொன்றால் பெல்ஜியம் படையை விலக்கிக்கொள்ளும் என்பது திட்டம். ஆயுதக் கிடங்கைச் சோதனை போட அனுமதி கேட்டார் டல்லேர். தலைமையகம் வேண்டாம் என்றது. விஷயத்தை ஹாபியாரிமானாவிடமே சொல்லச் சொன்னது.

நூறு நாள்

விமானத்தைச் சுட்டது யார் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. யார் சுட்டிருந்தாலும் அடுத்து நடந்தது விபத்தல்ல. ஏப்ரல் 7 காலை முதலில் கொல்லப்பட்டவர்களில் பிரதமர் அகத்தே உவிலிங்கியிமானா ஒருவர். அவர் ஹுட்டு. அரசியல் சாசன நீதிமன்றத் தலைவரும், எதிர்க்கட்சி ஹுட்டு அமைச்சர்களும் அன்றே கொல்லப்பட்டார்கள். தடுக்கக்கூடிய ஹுட்டுகளை முதலில் அகற்றியது, பட்டியலோடு வேலை நடந்ததைக் காட்டுகிறது. பிரதமரைக் காக்கப் போன பெல்ஜிய வீரர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். ஜனவரித் தந்தியில் சொன்னபடியே பெல்ஜியம் மூட்டை கட்டியது.

கிகாலியின் கிச்சுகிரோ பகுதியில் ஒரு தொழில்நுட்பப் பள்ளி. பெல்ஜியப் படை முகாமிட்டிருந்ததால் சுமார் 2,000 பேர் அங்கே தஞ்சம் புகுந்திருந்தார்கள். வெளியே அடியாட்கள் கத்தியோடு நின்றார்கள். ஏப்ரல் 11-இல் அங்கிருந்த வெளிநாட்டவர்களை ஏற்றிக்கொண்டு வண்டிகள் கிளம்பின. போகாதீர்கள் என்று வண்டிகளுக்கு முன்னால் மக்கள் மறித்தார்கள். வீரர்கள் வானத்தை நோக்கிச் சுட்டு அவர்களை விலக்கிவிட்டுப் போனார்கள். தஞ்சம் புகுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் அன்றே கொல்லப்பட்டார்கள்.

ஊர்ப்புறத்தில் முறை வேறு. தேவாலயத்துக்கும் பள்ளிக்கும் போங்கள், பாதுகாப்பு கிடைக்கும் என்று அதிகாரிகளே சொன்னார்கள். முந்தைய கலவரங்களில் தேவாலயத்தைத் தொடமாட்டார்கள் என்பதால் மக்களும் நம்பிப் போனார்கள். சேர்ந்த பிறகு ராணுவமோ காவல்படையோ குண்டு வீசி எதிர்ப்பை உடைக்கும். பிறகு வெட்டுக்கத்தியும் ஆணி அடித்த தடியுமாக ஊர் ஆட்கள் நுழைவார்கள். நியமாட்டா, ந்தராமா, முராம்பி எல்லாம் இப்படித்தான். நியாங்கேயில் உள்ளே சுமார் 2,000 பேர் இருந்த தேவாலயத்தைப் புல்டோசர் வைத்து இடித்தார்கள். பங்குத்தந்தை அத்தனாஸ் செரொம்பா அதில் பங்கேற்றதற்காக ஆயுள் தண்டனை பெற்றார்.

தாபா கம்யூனின் தலைவர் ஜான் பால் அகயேசு, பள்ளி ஆசிரியராக இருந்தவர், எதிர்க்கட்சிக்காரர். முதல் பன்னிரண்டு நாள் அடியாட்களை ஊருக்குள் விடாமல் நிறுத்தினார். ஏப்ரல் 18-இல் இடைக்கால அரசின் பிரதமர் கம்யூன் தலைவர்களை அழைத்துக் கூட்டம் போட்டார். திரும்பி வந்த அகயேசு வேறு ஆளாக வந்தார். அவருடைய அலுவலக வளாகத்திலேயே தஞ்சம் புகுந்த பெண்கள் அவர் கண்முன்னே சீரழிக்கப்பட்டார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. கீட்டி என்ற கம்யூனில் தலைவர் உறுதியாக நின்றதால் இனப்படுகொலை நடக்கவே இல்லை. முன்னணியின் படை அங்கே சீக்கிரம் வந்து சேர்ந்ததும் அவருக்கு உதவியது, சரி. ஆனாலும் மேலிருந்து வந்த அழுத்தத்துக்கு ஒரு அதிகாரி கொடுத்த பதிலைப் பொறுத்து ஆயிரக்கணக்கான உயிர்கள் இருந்தன, போயின.

கொன்றவர்கள் எத்தனை பேர்? இரண்டு லட்சம் வரை என்பது ஓர் ஆய்வாளர் மதிப்பீடு. சிறையில் கைதிகளிடம் பேசிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்தது துட்சி வெறுப்பு மட்டுமல்ல. போர் பயம், அதிபரே செத்துவிட்டார் என்ற கலக்கம், வராவிட்டால் உன்னையும் கொல்வோம் என்ற பக்கத்து வீட்டுக்காரனின் மிரட்டல், மாடும் நிலமும் கிடைக்கும் என்ற ஆசை. ‘வேலைக்கு வா’ என்றுதான் கூப்பிட்டார்கள். உமுகாண்டாவுக்குக் கூப்பிட்ட அதே ஆள்தான் இதற்கும் கூப்பிட்டார். காலையில் போய் மாலையில் திரும்பினார்கள்.

செத்தவர்கள் கணக்கு ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சத்துக்கு மேல் வரை போகிறது. ஐ.நா. சொல்வது 8 லட்சம். ருவாண்டா அரசு பத்து லட்சத்துக்கு மேல் என்கிறது. நாட்டிலிருந்த துட்சிகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர். பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள் இரண்டரை லட்சத்துக்குக் குறையாது என்பது ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரின் மதிப்பீடு. அவர்களில் பலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது.

உலகம் என்ன செய்தது என்பதை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. முந்தைய அக்டோபரில் சோமாலியாவில் 18 வீரர்களை இழந்த அமெரிக்கா கிட்டே வர விரும்பவில்லை. ஏப்ரல் 21-இல் பாதுகாப்பு மன்றம் ஐ.நா. படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. அந்த ஆண்டு மன்றத்தின் தற்காலிக உறுப்பினர்களில் ருவாண்டாவும் ஒன்று. கொலை நடத்திக்கொண்டிருந்த அரசின் பிரதிநிதி அதே மேசையில் அமர்ந்திருந்தார். ஜூன் இறுதியில் பிரான்ஸ் மனிதாபிமானம் என்ற பெயரில் படை அனுப்பியது. அந்தப் பாதுகாப்பு வளையத்தின் வழியாகத்தான் குற்றவாளிகள் பலர் நழுவினார்கள். படுகொலையை நிறுத்தியது ககாமேயின் படை. ஜூலையில் நாட்டைப் பிடித்து.

எல்லை தாண்டிய பின்விளைவு

தோற்ற அரசு தனியாக ஓடவில்லை. கருவூலம், ராணுவம், கம்யூன் தலைவர்கள் என மொத்த நிர்வாகமும் மக்களை முன்னே ஓட்டிக்கொண்டு எல்லை தாண்டியது. சுமார் 20 லட்சம் பேர். கிழக்கு சயீரின் (இன்றைய காங்கோ) கோமா நகருக்கு ஒரு சில நாட்களில் லட்சக்கணக்கானோர் வந்து எரிமலைப் பாறை மேல் விழுந்து கிடந்தார்கள். கழிப்பறைக் குழி தோண்டக்கூட முடியவில்லை; காலராவிலும் சீதபேதியிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். இனப்படுகொலைக்குத் திரும்பிப் பார்க்காத தொலைக்காட்சிகளும் உதவி நிறுவனங்களும் இதற்கு வந்தன. முகாமில் உணவைப் பங்கிட்டது யார்? பழைய கம்யூன் தலைவர்கள்தான். உதவிப் பொருளை விற்று ஆயுதம் வாங்கி, இரவில் எல்லை தாண்டித் தாக்கினார்கள்.

1996 இறுதியில் ருவாண்டா படை முகாம்களை உடைத்தது. லட்சக்கணக்கானோர் திரும்பினார்கள், மற்றவர்கள் காட்டுக்குள் மேற்கே ஓடினார்கள், துரத்தித் துரத்திக் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், நோயாளிகள் உட்பட. 2010-இல் வந்த ஐ.நா. ஆய்வறிக்கை, இந்தத் தாக்குதல்களில் சில நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டால் இனப்படுகொலை எனக் கொள்ளப்படலாம் என்று எழுதியது. கிகாலி கொதித்தது. இன்றுவரை அந்த அறிக்கையின் பேரில் எந்த வழக்கு மன்றமும் அமைக்கப்படவில்லை. 1997-இல் சயீர் அதிபர் மொபுட்டுவின் ஆட்சி விழுந்தது. 1998-இல் தொடங்கிய இரண்டாம் போரில் அரை டஜனுக்கு மேற்பட்ட நாடுகள் இறங்கின. காங்கோவில் போரால், பெரும்பாலும் பசியாலும் நோயாலும், 1998 முதல் 2007 வரை 54 லட்சம் பேர் இறந்ததாக ஒரு மதிப்பீடு. எண்ணிக்கை சர்ச்சைக்குரியது. பேரழிவு என்பதில் சர்ச்சை இல்லை. புருண்டியிலும் ந்தடாயே கொலைக்குப் பின் மூண்ட போர் 2005 வாக்கில்தான் அடங்கியது. அங்கே சுமார் மூன்று லட்சம் பேர்.

நீதியின் பக்கம் சில காரியங்கள் நடந்தன. டான்சானியாவின் அருஷாவில் அமைந்த ஐ.நா. தீர்ப்பாயம் 93 பேர் மீது குற்றம் சாட்டி 62 பேருக்குத் தண்டனை கொடுத்தது. 1998 செப்டம்பர் 2-இல் அகயேசு வழக்கில் வந்த தீர்ப்புதான் இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்த முதல் தீர்ப்பு. அகயேசு மீதான முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இல்லவே இல்லை. வேறு விஷயத்துக்காகச் சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் சிறுமிக்கு நேர்ந்ததை இடையில் சொன்னார். நீதிபதிகள் கேள்விகளைத் தொடர்ந்தார்கள், குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது, பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் ஆயுதமாகலாம் என்று தீர்ப்பு எழுதப்பட்டது. அந்த அமர்வின் ஒரே பெண் நீதிபதி, டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை, பின்னாளில் ஐ.நா. மனித உரிமை ஆணையர். கங்குரா ஆசிரியரையும் ஆர்.டி.எல்.எம். நிறுவனர்களையும் தண்டித்த 2003 டிசம்பர் தீர்ப்பின் அமர்வுக்கும் அவரே தலைமை வகித்தார்.

உள்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறையில் நெரிபட்டார்கள். சாதாரண நீதிமன்றத்தில் விசாரித்தால் நூறாண்டு ஆகும். அதனால் ககாச்சா எனப்படும் ஊர் மன்றங்களை உயிர்ப்பித்தார்கள். புல்தரையில் ஊரார் உட்கார, ஊரே தேர்ந்தெடுத்த ஆட்கள் நீதிபதிகள். 2012-இல் முடிவதற்குள் சுமார் 12,000 மன்றங்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை முடித்தன. எத்தனையோ குடும்பங்களுக்குப் பிணம் எங்கே புதைந்திருக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது. பொய்ச்சாட்சி, பேரம், பழைய நிலத்தகராறுக்குப் பழி தீர்ப்பது எல்லாமும் நடந்தன. முன்னணியின் வீரர்கள் செய்த கொலைகள் மட்டும் அந்த மன்றங்களின் வரம்பிலேயே இல்லை. 1995 ஏப்ரலில் கிபேஹோ முகாமில் ராணுவம் சுட்டு ஆயிரக்கணக்கானோர் இறந்ததைப் பற்றி உள்நாட்டில் உரக்கப் பேச முடியாது.

இன்றைய ருவாண்டாவுக்குப் போய்வந்தவர்கள் வியந்து எழுதுகிறார்கள். தெருவில் குப்பை இல்லை, லஞ்சம் குறைவு, நாடாளுமன்றக் கீழவையில் பெண்கள் 60 சதவீதத்துக்கு மேல், ஆவணங்களில் இனம் கிடையாது. உண்மைதான். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை உமுகாண்டா நடக்கிறது; ஊர்வரை நீளும் நிர்வாகக் கண்ணியும் அப்படியே இருக்கிறது. அது இப்போது தடுப்பூசி போடுகிறது, மருத்துவக் காப்பீடு சேர்க்கிறது, யார் என்ன பேசுகிறார் என்றும் பார்த்துக்கொள்கிறது. ‘இனப்படுகொலைச் சித்தாந்தம்’ என்ற குற்றம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. மறுப்பாளர்களைத் தடுக்க வந்த அந்தச் சட்டம் விமர்சகர்கள் மீதும் பாய்கிறது. ஹுட்டுகளும் செத்தார்கள், அவர்களையும் நினைக்க வேண்டும் என்று நினைவிடத்தில் பேசிய எதிர்க்கட்சித் தலைவர் விக்டுவார் இங்காபிரே சிறைக்குப் போனார். 2024 தேர்தலில் ககாமே 99 சதவீத ஓட்டு வாங்கினார். முப்பது வருடத்துக்கு முன் இந்தக் கண்ணி எதற்குப் பயன்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு அந்த எண் நிம்மதி தருவதில்லை.

எல்லைக்கு அப்பால் விஷயம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது. 1994 குற்றவாளிகளின் மிச்சத்திலிருந்து உருவான எஃப்.டி.எல்.ஆர். என்ற ஆயுதக் குழு கிழக்குக் காங்கோவில் இருக்கிறது. அதைக் காரணம் காட்டியே ருவாண்டா அங்கே கைவைக்கிறது. காங்கோத் துட்சிகளுக்கோ 1981 முதலே குடியுரிமைச் சிக்கல். அவர்களைக் காப்பதாகச் சொல்லி எழுந்த எம்23 படைக்கு ருவாண்டா ஆளும் ஆயுதமும் தருவதாக ஐ.நா. நிபுணர் குழு பலமுறை எழுதியிருக்கிறது. கிகாலி மறுக்கிறது. 2025 ஜனவரியில் கோமாவும் பிப்ரவரியில் புகாவுவும் எம்23 கைக்குப் போயின. அந்தப் பகுதியின் கனிமங்களான கோல்டான், தங்கம் எந்தப் பக்கமாக வெளியே போகின்றன என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அதே ஆண்டு ஜூன் 27 அன்று வாஷிங்டனில் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் மையத்தில் இருந்தவை இரண்டு: எஃப்.டி.எல்.ஆரைக் காங்கோ ஒழிக்க வேண்டும், ருவாண்டா தன் ‘தற்காப்பு ஏற்பாடுகளை’ விலக்கிக்கொள்ள வேண்டும். யார் முதலில் செய்வது என்பதில்தான் இழுபறி. கையெழுத்துக்குப் பிறகும் கிழக்குக் காங்கோவின் கிவு மலைகளில் சண்டை நிற்கவில்லை.